பாயிண்ட் லோபோஸில் சுத்தியல் எடுக்கலாமா?

நெய்தல்:
போன சனிக்கிழமை கலிஃபோர்னியா பாயிண்ட் லோபோஸில், வேலர்ஸ் கோவ் கரையிலிருந்து ஸ்கூபா இறங்கினோம். தண்ணீர் 11 டிகிரி. 7 மில்லிமீட்டர் வெட்சூட் போட்டும் முதல் ஐந்து நிமிடம் நெற்றி விண்ணென்று வலித்தது. அதுகூடப் பரவாயில்லை. கெல்ப் என்னும் நெடிய கடற்பாசி கூரை வேய்ந்ததுபோல் நின்ற ஒரு சரிவு இப்போது மொட்டைப் பாறை. எங்கு பார்த்தாலும் அந்தப் பாசியைத் தின்று தீர்க்கும் ஊதாக் கடல் முள்ளெலி (sea urchin). மான்டரேயின் டாங்கர்ஸ் ரீஃபில் 2021இல் நம்மைப் போன்றவர்களே சுத்தியலால் முள்ளெலியை உடைக்க அனுமதித்தார்கள். இங்கே மட்டும் ஏன் கூடாது?

பாறைமீன்:
கூடவே கூடாது. 1960இல் இந்தக் கடற்பகுதியைக் காப்பகமாக்கினார்கள். நீருக்கடியில் அப்படியொரு காப்பகம் அமெரிக்காவில் இதுதான் முதல். முன்பதிவு, டைவிங் சான்றிதழ், இரண்டே குடாக்களில் மட்டும் இறங்க அனுமதி என்று இத்தனை கட்டுப்பாடும் மனிதக் கை படாத ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான். டாங்கர்ஸ் ரீஃபில் உடைத்தது பலன் தந்ததா என்று எதனோடு ஒப்பிட்டுச் சொல்வீர்கள்? உடைக்காத இடம் ஒன்று இருக்க வேண்டாமா?

நெய்தல்:
கை படாத இடமா? 2013இல் தொடங்கிய நோயில் சூரியகாந்தி நட்சத்திரமீன்கள் அழிந்தன. முள்ளெலியைத் தின்ன அதுவும் இல்லை. அடுத்து 2014 முதல் 2016 வரை கடல் கொதித்தது. வடக்குக் கலிஃபோர்னியாவில் ‘புல் கெல்ப்’ (bull kelp) என்ற பாசி வகை 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அதில் மனிதன் பங்கு இல்லையா? கெடுத்துவிட்டுக் கைகட்டி நிற்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

சாரல்:
நான் நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாயால் மூச்சுவிடும் ஸ்நார்கெல் மட்டும்தான். மேலிருந்து பார்க்கும்போது பாசிக்கொத்துக்கு நடுவே நீர்நாய் மல்லாந்து முள்ளெலி தின்பதைப் பார்த்திருக்கிறேன். அதுவே பார்த்துக்கொள்ளாதா, அண்ணா?

நெய்தல்:
தங்கச்சி, மொட்டைப் பாறையில் இருப்பவை பட்டினி கிடப்பவை. சாப்பிடாமலே பல வருடம் உயிரோடு இருக்கும். ஓட்டுக்குள் சதையே இல்லாததை நீர்நாய் ஏன் தேடி வரும்?

பாறைமீன்:
உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பாசி மிஞ்சியிருக்கும் திட்டுகளில் முள்ளெலி கொழுத்திருக்கும். நீர்நாய் அங்கேதான் வேட்டையாடுகிறது. அதனால்தான் அந்தத் திட்டுகளாவது நிற்கின்றன. நாளை பாசி மீண்டும் பரவ வேண்டுமென்றால் வித்து அங்கிருந்துதான் வரவேண்டும். அதன் பக்கத்தில் அலையில் ஆடிக்கொண்டே சுத்தியல் வீசினால் இடுக்கில் இருக்கும் அபலோனி என்ற கடல் நத்தையின் ஓடும் சேர்ந்து நொறுங்கும். தடித்த கையுறையோடு 11 டிகிரியில் அரைமணி இருந்தால் விரல் மரத்துவிடும். குறி தவறாமல் அடிக்க எத்தனை பேரால் முடியும்?

நெய்தல்:
அபலோனி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அதனால் எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டாம். பயிற்சி பெற்ற பத்துப் பேர், அந்த ஒரே சரிவு, ஒரு வருடம். பக்கத்துச் சரிவைத் தொடாமல் விட்டால் நீங்கள் கேட்ட ஒப்பீடும் கிடைக்கும்.

பாறைமீன்:
அப்படியானால் முதலில் எண்ணுங்கள். ரீஃப் செக் அமைப்பு தன்னார்வலர்களுக்கு முள்ளெலி, பாசி, மீன் எல்லாம் எண்ணப் பயிற்சி தருகிறது. நானும் சேருகிறேன். கணக்கு கையில் வரும்வரை சுத்தியலுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான்.

சாரல்:
ஸ்நார்கெல் ஆட்கள் மேலிருந்து பாசிக் கூரையின் பரப்பைப் படமெடுக்கலாமே. நான் வருகிறேன்.