ஸ்டாக் காருக்கு என்ன சொல்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம். சிறுவர் கலைக்களஞ்சியம் ஒன்றுக்காக ஜிம் ரோப்பர் பற்றிய குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கக் கார்ப் பந்தய ஓட்டுநர், கன்சாஸ்காரர். 1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட்டில், நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பின் முதல் 'ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்' (கம்பெனி விற்றபடியே உள்ள கார்கள் மட்டும்) பந்தயம், முக்கால் மைல் மண் தடத்தில் 200 சுற்று. நாளிதழ்ப் படக்கதை ஒன்றில் இந்தப் பந்தயத்தைப் பற்றிப் படித்துவிட்டு, ஆயிரம் மைலுக்கு மேல் லிங்கனை ஓட்டிக்கொண்டு வந்து அதையே பந்தயத்திலும் இறக்கினார், ஜெயித்தார். அந்தத் தொடரில் இன்னும் ஒரே ஒரு பந்தயம், அதோடு சரி. ஸ்டாக் காரைக் கணினி 'பங்கு கார்' என்று மொழிபெயர்க்கிறது. காப்பாற்றுங்கள்.

---

பங்கு காரா? அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் வந்த கார் மாதிரி இருக்கிறது. கையிருப்புச் சீருந்து என்று போடுங்கள்.

---

தம்பி, அவசரப்படாதே. ஸ்டாக் என்பது ஆங்கிலத்தில் முதலில் அடிமரம், அப்புறம்தான் வணிகச் சரக்கு. நம் 'முதல்' அதே வழியில் வந்த சொல்: வேர், அடி, பிறகு வியாபாரத்தில் போடும் பணம். ஆகவே முதல்வண்டி. இதைவிடப் பொருத்தம் கிடையாது.

---

ஐயா, முதல்வண்டி என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் விடிகாலை நாலரை மணி பஸ் என்று நினைப்பார்கள்.

---

இந்தச் சொல் சரியாக அமையாவிட்டால் ரோப்பர் ஏன் ஜெயித்தார் என்பதே புரியாது, அதுதான் என் கவலை. அந்தப் பந்தயத்தில் முடிவுக்கோட்டை முதலில் தாண்டியவர் கிளென் டனவே. அவர் ஓட்டிய ஃபோர்டு கள்ளச்சாராயம் கடத்திய வண்டி, பாரம் தாங்கவும் வளைவில் வேகமாகத் திரும்பவும் பின்பக்கம் அதிர்வைத் தாங்கும் கமான் பட்டையில் கைவைத்திருந்தார்கள். பரிசோதனையில் அது தெரிந்ததும் தகுதி நீக்கம், இரண்டாவதாக வந்த ரோப்பருக்கு வெற்றி. காரின் சொந்தக்காரர் வழக்குப் போட்டும் செல்லவில்லை. கம்பெனி விற்றபடியே இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

---

அப்படியானால் விடை இலக்கணத்திலேயே இருக்கிறதே! இயற்சொல், திரிசொல். ஸ்டாக் இயல்வண்டி, மாடிஃபைடு, அதாவது மாற்றியமைத்தது, திரிவண்டி. திரிபு எத்தனை வகை என்பதையும் பார்த்துவிடலாம்: தோன்றல், திரிதல், கெடுதல். டனவேயின் கமான் எந்த விகாரம்?

---

திரிவண்டி என்றால் ஊர் திரிகிற வண்டி. இல்லையென்றால் பால் திரிந்த மாதிரி. வேண்டாமே.

---

'கார்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மகிழுந்து என்று நல்ல சொல் இருக்கிறதே?

---

சங்கப் பாட்டில் மகிழ் என்றால் கள்ளும்தான் ஐயா. டனவேயின் வண்டிக்கு மட்டும் மகிழுந்து என்று வைத்துக்கொள்வோம்.

---

நாளை வெள்ளி. 'இயல்புக் கார்' என்று போட்டு, 'கடையில் விற்றபடியே, எதையும் மாற்றாத கார்' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி சேர்க்கிறேன். ஆறு பேர் சரி என்றார்கள், அதில் மூன்று பேர் போதும் விடுங்கள் என்ற தொனியில். நன்றி.

---

எனக்குச் சம்மதம் இல்லை. அந்த வட்டாரத்துச் சாராய வண்டிக்காரனுக்குக் கமானை மாற்றுவதுதான் இயல்பு. முதல்வண்டியை அடிக்குறிப்பிலாவது போடு தம்பி.