லேக் பவல் ஹவுஸ்போட்: ஏரி மட்டம் தெரியாம எப்படி புக் பண்றது?

ஏரிக்கரை85:
வணக்கம். ஜூன் கடைசி வாரம் அமெரிக்காவில் அரிசோனா-யூட்டா எல்லையில் இருக்கிற லேக் பவல் அணை ஏரியில் ஐந்து நாள் ஹவுஸ்போட் (படகு வீடு) வாடகைக்கு எடுக்க நாலு குடும்பம் சேர்ந்து திட்டம் போடுறோம். பெரியவங்க எட்டு, பிள்ளைங்க நாலு. முன்பணம் இப்பவே கட்டணுமாம். ஆனா அப்போ தண்ணி எவ்வளவு இருக்கும்னு யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குறாங்க. படகை இறக்குற சரிவுப் பாதையை, அதான் ராம்பை, மூடிட்டா பணம் போச்சா? ரெண்டு படகுத்துறை இருக்காம்: வாவீப்பில் ஏறுறதா, ஆன்டிலோப் பாயின்ட்டிலா? ரெயின்போ பிரிட்ஜ்ங்கிற இயற்கைக் கல் வளைவைக் கட்டாயம் பாக்கணும்.

மட்டக்கோல்:
ராம்ப் கவலையை விடுங்க. டிரெய்லரில் சொந்தப் படகை இழுத்துட்டு வர்றவங்களுக்குத்தான் அது தலைவலி. வாடகைப் படகு மிதக்கும் துறையில் ஏற்கெனவே கட்டிக் கிடக்கும். ஏரி இறங்கினா துறையும் கூடவே இறங்கும். ஆனா கார் நிறுத்துற இடத்திலிருந்து துறைக்குப் போற பாதை நீளமாவும் செங்குத்தாவும் ஆயிடும். பெரிய ஐஸ்பெட்டி ஒண்ணுக்குப் பதிலா சின்னதா மூணு கொண்டு போங்க.

நீங்க மனசில் வைக்க வேண்டிய எண் 3,583. நிறைஞ்ச ஏரி கடல்மட்டத்துக்கு மேல் 3,700 அடி. வாவீப்பிலிருந்து மேலே போக காசில் ராக் கட்னு ஒரு குறுக்கு வழி இருக்கு. மட்டம் சுமார் 3,583 அடிக்குக் கீழே போனா அது உதவாது. அப்புறம் அணைப் பக்கமா சுத்தி, ஏறக்குறைய 12 மைல் கூடுதல். ஹவுஸ்போட் மணிக்கு ஏழெட்டு மைல்தான் போகும், அதனால ஒன்றரை மணி நேரத்துக்கு மேல அதிலேயே கரைஞ்சிடும். ஆன்டிலோப் பாயின்ட் முதன்மைக் கால்வாயிலேயே இருக்கு. அங்கே ஏறினா கட் திறந்தா என்ன, மூடினா என்ன. மட்டம் சந்தேகமான வருஷம்னா என் ஓட்டு ஆன்டிலோப்புக்குத்தான்.

ஜனவரியில் சொல்ற கணிப்பை நம்பாதீங்க. ராக்கி மலைப் பனி உருகித்தான் ஏரி ஏறும். 2023 வசந்தத்தில் சுமார் 3,520 அடி. அதே ஜூலையில் 3,584 அடி. அணையை நடத்துற அமெரிக்க அரசுத் துறையான பீரோ ஆஃப் ரெக்ளமேஷன் மாசாமாசம் ஏரி மட்டத்துக்கு 24 மாதக் கணிப்பு வெளியிடுது. அதில் குறைந்தபட்ச வாய்ப்பு, பெரும்பாலும் நடக்கக்கூடியது, அதிகபட்ச வாய்ப்புன்னு மூணு கோடு இருக்கும். குறைந்தபட்சக் கோட்டை வெச்சுத் திட்டம் போடுங்க, ஏப்ரல் அறிக்கை வந்ததும் திருத்துங்க.

மணல்திட்டு:
மட்டம் மாறுறதால அடி வாங்குறது கரையில் நிறுத்தும்போதுதான், அதைப் பத்தி யாரும் பேசுறதில்லை. மூக்கை மணலில் ஏற்றி, படகின் பின்பக்கம் கயிறு கட்டுற கட்டையிலிருந்து ரெண்டு பக்கமும் கயிறுகளை 45 டிகிரியில் கரைக்கு இழுத்து, மொத்தம் நாலு நங்கூரம் புதைக்கணும். குழி குறைஞ்சது ரெண்டடி ஆழம். மண்வெட்டி ஒண்ணு போதாது, ரெண்டு எடுத்துட்டுப் போங்க.

ஜூனில் தண்ணி பெரும்பாலும் ஏறும். நல்ல பனி வருஷத்தில் ஒரே நாளில் ஒரு அடி கூட. மூக்கு மணலை விட்டு மிதக்கும், கயிறு தொய்யும், ராத்திரி காத்து அடிச்சா படகு பக்கவாட்டில் திரும்பிப் பாறையில் இடிக்கும். அதனால நங்கூரத்தை ஓரத்தில் புதைக்காம மேட்டில் தள்ளிப் புதைங்க. ஜூலை நடுவுக்கு மேல கதை தலைகீழ். சரிவு குறைவான மணலில் ரெண்டு அங்குலம் இறங்கினாலே கரை ரெண்டடி பின்வாங்கும். காலையில் படகு தரைதட்டி நிக்கும். தண்ணி விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைங்க. காலை, மாலை பாருங்க. ஏறினா எஞ்சினை மெதுவா முன்னுக்குக் கொடுத்து மூக்கை மறுபடி மணலில் ஏத்திக் கயிறை இறுக்குங்க. இறங்கினா சுணங்காம கொஞ்சம் பின்னுக்கு எடுங்க; மதியம் வரைக்கும் விட்டா இழுவைப் படகைத்தான் கூப்பிடணும்.

ஆழமில்லாத இடத்தில் ஜெனரேட்டர் மணலை உறிஞ்சிடும், சூடாகி நின்னுடும். அது ஓடும்போது பிள்ளைங்களைப் பின்பக்கம் நீந்த விடவே கூடாது: கார்பன் மோனாக்சைடு. இதில் விளையாட்டு வேண்டாம்.

கால்வாய்க்காரன்:
மேலே சொன்னதோட மூணு விஷயம்.

ஜிபிஎஸ் வரைபடம் பலதும் நிறைஞ்ச ஏரிக்கு வரைஞ்சது. தண்ணின்னு காட்டும் இடத்தில் பாறை இருக்கலாம். பக்கப் பள்ளத்தாக்குக்குள் ஹவுஸ்போட்டை நேரா விடாதீங்க. கூட எடுக்கும் மோட்டார் படகை ஆழமானியோட முன்னே அனுப்பிப் பாருங்க. மட்டம் குறைஞ்சா பள்ளத்தாக்கு ஒடுங்கும், 60 அடிப் படகைத் திருப்ப இடம் இருக்காது. ஏறும் காலத்தில் முங்கின டாமரிஸ்க் புதர் ப்ரொப்பல்லரில் சுத்திக்கும்.

நடுவழியில் இருந்த டேங்லிங் ரோப் மரீனா (படகுத்துறை) மூடிக் கிடக்கு, அதனால வாவீப்பையும் ஆன்டிலோப் பாயின்ட்டையும் விட்டா ஏரியின் மேல்பகுதியில் இருக்கிற புல்ஃப்ராக் துறைப் பக்கம் வரை எரிபொருள் இல்லை. ரெயின்போ பிரிட்ஜ் வாவீப்பிலிருந்து சுமார் 50 மைல். ஹவுஸ்போட்டை நடுவழியில் நிறுத்திட்டு மோட்டார் படகில் போய் வாங்க. தண்ணி குறைஞ்சா துறையிலிருந்து நடை கூடும், குடிநீர் கையோட.

முன்பணம் கட்டும் முன்னாடி எழுத்தில் கேளுங்க: மட்டம் குறைஞ்சு துறை இடம் மாறினா தேதி மாத்தலாமா, பணம் திரும்புமா, பாறை இடிச்சு ப்ரொப்பல்லர் போனா யார் செலவு? கடைசிக் கேள்விக்கு ‘நீங்கதான்’னு பதில் வந்தா காப்பீடும் சேர்த்தே வாங்குங்க.

ஏரிக்கரை85:
நன்றி. ஆன்டிலோப்புன்னே முடிவு. மண்வெட்டி ரெண்டு, குச்சி ஒண்ணு பட்டியலில் ஏத்தியாச்சு. அங்கே மணி அரிசோனாவா, யூட்டாவா?

மட்டக்கோல்:
அரிசோனா. கோடையில் யூட்டா ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும். ஏரியில் போன் தானா மாறிக்கும். திருப்பிக் கொடுக்கிற நாளன்னிக்கு ஒரு கைக்கடிகாரத்தைப் பாருங்க.