மாநகராட்சியில் சட்டமன்ற வேலை பார்க்கும் சீட்டுக்கு மாற்றிவிட்டார்கள்: எங்கே தொடங்குவது?

புதுசீட்டு:
வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு மாநகராட்சியின் வருவாய்ப் பிரிவில் எட்டு வருடம் இருந்தேன். போன மாதம் ஆணையர் அலுவலகத்துக்கு மாற்றி, "சட்டமன்றக் கேள்வி, அரசுக் கடிதம், எம்.பி., எம்.எல்.ஏ. மனு எல்லாம் இனி உங்கள் சீட்டு, நீங்கள்தான் பொறுப்பு" என்றார்கள். எனக்கு முன் பார்த்தவர் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. அவர் விட்டுப்போனது ஒரு பீரோ சாவியும் மூன்று பதிவேடுகளும்தான்.

முதல் வாரமே மழைநீர் வடிகால் பற்றி ஒரு சட்டமன்றக் கேள்வி. காலை 10.40க்கு வாட்ஸ்அப்பில் வந்தது, 2 மணிக்குள் பதில் வேண்டுமாம். மண்டலப் பொறியாளர் 12 கி.மீ.யில் 60 சதவீதம் முடிந்தது என்றார். கணக்குப் பிரிவில் கேட்டால் 41 என்றார்கள். எதைப் போடுவது என்று தெரியாமல் எண்ணே போடாமல் "பணிகள் நடைபெற்று வருகின்றன, விரைவில் முடிக்கப்படும்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். கண்காணிப்பாளர் பார்த்துவிட்டு, "ஏம்மா, இப்படி எழுதலாமா?" என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுத்தது, ரயில்வே கேட் ஒன்றுக்குச் சுரங்கப்பாதை வேண்டும் என்று மாமன்றத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். மேயர் அதை டெல்லிக்கு நேரில் கொண்டுபோக வேண்டும் என்கிறார். யாருக்கு எழுதுவது? எம்.எல்.ஏ.வுக்கும் மேயருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது கூடுதல் தகவல்.

வரிவசூல்:
வருவாய்ப் பிரிவிலிருந்து தப்பித்ததற்கு முதலில் வாழ்த்துகள். டெல்லிக்குக் கோரிக்கை போகிறது என்றால் எங்கள் பாக்கியையும் அதில் சேர்த்துவிடுங்கள். மத்திய அரசுக் கட்டடங்களுக்குச் சொத்து வரி போட முடியாது, அரசியலமைப்பின் 285-வது பிரிவு தடுக்கிறது. ஆனால் சேவைக் கட்டணம் கேட்கலாம். ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் பதிவு செய்த ஏற்பாடு அது: நம் வசதிகளை முழுவதும் பயன்படுத்தினால் சொத்து வரியில் 75 சதவீதம், ஓரளவு பயன்படுத்தினால் 50, ஒன்றுமே பயன்படுத்தாவிட்டாலும் 33⅓. எங்கள் ஊரில் இதற்குக் கேட்புக் கடிதமே பல வருடமாகப் போகவில்லை. கேட்காத காசு எப்படி வரும்?

பழைய கண்காணிப்பாளர்:
வேறொரு மாநகராட்சியில் இதே மாதிரிச் சீட்டில் 19 வருடம், 11 ஆணையர்களைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். உங்கள் கண்காணிப்பாளர் டீ குடிக்கப் போனதால் அவர் சொல்லாததை நான் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய வரி உங்கள் பெயரில் வெளியே போகாது. அமைச்சர் அவையில் எழுந்து அதை வாசிப்பார். வாசித்த நொடியிலிருந்து அது அரசின் உறுதிமொழி. சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அவைக்குறிப்பில் இந்த மாதிரி வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்து, நிறைவேறியதா என்று கேட்பதுதான் அதன் வேலை. மக்களவையிலும் இதே வழக்கம்தான். அங்கே எந்தெந்தச் சொற்றொடர்கள் உறுதிமொழி ஆகும் என்று பட்டியலே உண்டு. "பரிசீலனையில் உள்ளது" என்பதும் அதில் அடக்கம். நாம் தப்பிக்க எழுதும் வரிதான் நம்மைப் பிடிக்கும்.

நான் மாட்டிய கதை: பாதாளச் சாக்கடைப் பணி பற்றிய கேள்விக்கு "மார்ச் மாதத்திற்குள் நிறைவடையும்" என்று எழுதினேன். பொறியாளர் அப்படித்தான் சொன்னார். ஏப்ரலில் ஒப்பந்ததாரர் வேலையைப் போட்டுவிட்டுப் போனார். அப்புறம் குழு எங்கள் ஊருக்கு இரண்டு தடவை வந்தது. இரண்டாவது தடவை, தோண்டிப்போட்ட பள்ளத்தின் ஓரத்தில் நின்று, குழுத் தலைவர் அந்த வரியை ஆணையரிடம் வாசித்துக் காட்டினார். ஆணையர் பொறுப்பேற்று மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எழுதியவன் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் அல்லவா!

சரி, எப்படி எழுதுவது? 60, 41 இரண்டுமே உண்மையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பொறியாளர் தரையில் போட்ட நீளத்தைச் சொல்கிறார். கணக்குப் பிரிவு பில் கொடுத்த தொகையைச் சொல்கிறது. ஒன்று பணி முன்னேற்றம், மற்றது செலவின முன்னேற்றம். வேலை முடிந்தும் பில் போடாமல் கிடப்பது சகஜம். இரண்டையும் பெயர் சொல்லிப் போடுங்கள்: 12 கி.மீ.யில் 7.2 கி.மீ. முடிந்துள்ளது, ஒப்பந்தத் தொகையில் 41 சதவீதம் வழங்கப்பட்டுள்ளது, மீதி நீளத்தில் இன்ன தெருவில் மின்கம்பம் மாற்ற வேண்டியுள்ளது. எந்தத் தேதி நிலவரம் என்பது கட்டாயம். வருங்கால வினைச்சொல் வந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் முடிவுத் தேதியைச் சொல்லலாம், அது ஆவணம். "முடிக்கப்படும்" என்பது ஆசை.

பதிலைவிட முக்கியமானது துணைக் கேள்விக்கான குறிப்பு. அச்சடித்த பதிலை யாரும் வாசித்துவிடுவார்கள். உறுப்பினர் எழுந்து "என் தொகுதியில் அந்தக் காலனியில் மட்டும் ஏன் தண்ணீர் நிற்கிறது?" என்று கேட்கும்போது அமைச்சர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். எனவே கேள்வி கேட்டது யார் என்று முதலில் பாருங்கள். அவர் தொகுதியில் உங்கள் வார்டுகள் எவை, இதே விஷயமாக முன்பு கடிதம் கொடுத்திருக்கிறாரா, அதற்கு நாம் பதில் போட்டோமா, இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள். நான் வார்டு வாரியாக ஒரு நோட்டு வைத்திருந்தேன். கேள்வி வராத மாதங்களில் அதை நிரப்புவதுதான் உண்மையான வேலை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதே நாளில் கையெழுத்துப் போட்ட பதிலும் நகராட்சி நிர்வாக இயக்குநரகத்துக்குப் போக வேண்டும். கோட்டையில் துறைச் செயலாளரைத் தெரியும் என்று பலர் பெருமை பேசுவார்கள். நமக்குத் தெரிய வேண்டியவர் அந்தப் பொருளைப் பார்க்கும் பிரிவு அலுவலர். அவரைத் தாண்டி மேலே போனால், கோப்பு கடைசியில் அவரிடமேதான் இறங்கி வரும்.

பீரோவில் பழைய மாதிரிக் கடிதங்கள் இருக்கும். அப்படியே நகல் எடுத்துவிடாதீர்கள். அவற்றில் 1920 மாவட்ட நகராட்சிகள் சட்டம், 1971 மதுரை, 1981 கோவை மாநகராட்சிச் சட்டங்களின் பிரிவு எண்கள் இருக்கும். அவற்றுக்குப் பதிலாக வந்த 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் வெகுகாலம் கிடப்பில் கிடந்து 2023 ஏப்ரலில்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. பிரிவு எண் தப்பாக இருந்தால் திருப்பி அனுப்பக் கோட்டையில் இருப்பவர்களுக்கு அதுவே போதும்.

டெல்லி விஷயம். மேயருக்கு எப்படிச் சொல்வீர்களோ தெரியாது, தீர்மானத்தோடு விமானம் ஏறினால் ஒரு சால்வையும் ஒரு புகைப்படமும் மிஞ்சும். சுரங்கப்பாதை ரயில்வே கோட்ட அலுவலகத்தில் தொடங்குகிற விஷயம். கேட்டில் வாகனக் கணக்கெடுப்பு, இட அமைப்பு வரைபடம், செலவை யார் எவ்வளவு ஏற்பது, அணுகுசாலைக்கு நிலம் யாருடையது, இவை இல்லாமல் மேலே யாரும் தொடமாட்டார்கள். நிலமும் மாநிலத்தின் பங்குத் தொகையும் நம் அரசு வழியாகத்தான் போக வேண்டும். இதெல்லாம் தயாரான பிறகு எம்.பி. மக்களவையில் ஒரு கேள்வி போட்டால் எழுத்தில் பதில் கிடைக்கும். அதற்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தேதி வந்த அன்றே குறிப்பைக் கொடுத்துவிடுங்கள்.

இந்தச் சீட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று தோன்றினால் 2022 ஏப்ரலை நினைத்துக்கொள்ளுங்கள். சொத்து வரி உயர்ந்தபோது கவுண்டரில் நீங்கள் திட்டு வாங்கியிருப்பீர்கள். சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம் உயர்வு, 1800-க்கு மேல் 100. அதற்கு அரசு சொன்ன காரணங்களில் ஒன்று 15-வது நிதிக்குழுவின் நிபந்தனை: மாநிலம் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதம் அறிவிக்க வேண்டும், வசூல் மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ப உயர வேண்டும், இல்லாவிட்டால் நகரங்களுக்கு மானியம் கிடையாது. அந்த அறிக்கை வந்து வெகு நாள் கழித்துத்தான் உங்கள் கவுண்டரில் கூச்சல். இப்படி மேலிருந்து வருவதை முன்கூட்டியே படித்துச் சொல்வதும் இந்தச் சீட்டின் வேலைதான். நடுவில் இருந்த காலத்தில் எத்தனை மாநகராட்சிகள் அதைப் படித்தன? எங்கள் ஊரில் நான்கூடப் படிக்கவில்லை.

எம்எல்ஏ அலுவலகத்தில் இருந்தவன்:
எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு உதவியாளராக நாலு வருடம் இருந்தேன். நாங்கள் கேள்வி போட்டதில் பாதி, மாநகராட்சிக்குக் கடிதம் கொடுத்து மூன்று மாதம் பதில் வராததால் போட்டது. "பெற்றுக்கொண்டோம், இன்ன பொறியாளர் பார்க்கிறார்" என்று இரண்டு வரி வந்திருந்தால் அவைக்கே போயிருக்காது.

தொகுதி மேம்பாட்டு நிதியும் அப்படித்தான். பணம் எங்களுடையது, மதிப்பீடு போட வேண்டியது உங்கள் பொறியாளர். மதிப்பீடு நகராமல் நிதியாண்டு முடியப் போகிறது என்றால் எங்கள் ஆள் யார் மேல் பாய்வார்? மேயருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் பேச்சு இல்லை என்பதை நீங்கள் சரிசெய்ய முடியாது, முயலவும் வேண்டாம். பூமி பூஜை தேதியை மட்டும் எம்.எல்.ஏ. போஸ்டர் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள். எங்கள் ஆளுக்கு அப்படி ஒரு தடவை வந்த கோபம் எங்கள் அலுவலகத்தில் ஒரு வருடம் ஓடியது.

புதுசீட்டு:
பழைய கண்காணிப்பாளர் ஐயாவுக்கு நன்றி. பீரோவைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்னது போல 1920 சட்டத்தில் அச்சடித்த படிவங்கள் ஒரு கட்டு. மூன்றாவது பதிவேடு எம்.எல்.ஏ. மனுக்கள், கடைசி ஏழு மாதமாக "பதில்" பத்தி காலி. வரிவசூல் சார், சேவைக் கட்டண விஷயத்தை ஆணையருக்குக் குறிப்பாக வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். என் வடிகால் கேள்வி இன்னும் அவையில் வரவில்லை. போனதைத் திருத்த முடியுமா?

பழைய கண்காணிப்பாளர்:
வரவில்லையா! அப்படியானால் உங்களுக்கு நல்ல நேரம் அம்மா. இன்றே "திருத்தப்பட்ட பதில்" என்று தலைப்பில் போட்டு, முந்தைய கடித எண்ணைக் குறிப்பிட்டு, அதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளவும் என்று அனுப்புங்கள். அனுப்பிவிட்டுப் பிரிவு அலுவலருக்குப் போன் செய்யுங்கள். கடிதத்தை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். பழையதும் புதியதும் ஒரே கோப்பில் கிடந்தால் அச்சுக்குப் போவது பழையதாகத்தான் இருக்கும்.

புதுசீட்டு:
அனுப்பிவிட்டேன், போனும் செய்துவிட்டேன். 7.2 கி.மீ., 41 சதவீதம், மின்கம்பம் இருக்கும் இரண்டு தெருக்களின் பெயர், எல்லாம் போட்டேன். பிரிவு அலுவலர் பொறுமையாகப் படித்துவிட்டு, "எந்தத் தேதி நிலவரம் இது?" என்று கேட்டார்.

தேதி போட மறந்துவிட்டேன். மறுபடியும் அனுப்பப் போகிறேன்.