பயாஸில் எஸ்எஸ்டி சில வேளைகளில் மட்டுமே தென்படுகிறது: கோளாறு எதில்?

வணக்கம். எங்கள் வீட்டு மேசைக் கணினியை இயக்கினால் மின்விசிறிகள் சுழல்கின்றன, தயாரிப்பாளரின் சின்னமும் திரையில் தோன்றுகிறது. ஆனால் விண்டோஸ் தொடங்குவதற்குப் பதிலாக, துவக்குவதற்கான வட்டு எதுவும் இல்லை என்ற செய்தி கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளில் வந்து நின்றுவிடுகிறது. சற்று நேரம் அணைத்து வைத்துவிட்டு மறுபடி இயக்கினால், சில வேளைகளில் எதுவுமே நடக்காததுபோல் திறந்துகொள்கிறது.

பயாஸில் (கணினி தொடங்கும்போது பாகங்களைச் சரிபார்க்கும் தாய்ப்பலகை மென்பொருளில்) தேதியும் நேரமும் பின்னோக்கிப் போயிருந்ததால், முதலில் தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரியை மாற்றினேன். கடிகாரம் இப்போது சரியாக ஓடுகிறது. சிக்கல் மட்டும் அகலவில்லை. ராம் நினைவகத்தைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தியதிலும் பயனில்லை (ராம் பழுதானால் வழக்கமாகக் கேட்கும் பீப் ஒலி எதுவும் வராததால் அதன் மீது எனக்குப் பெரிய சந்தேகமும் இல்லை).

என் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று: கணினி திறக்காத வேளையில் பயாஸ் பட்டியலில், விண்டோஸ் இருக்கும் சேமிப்பகமான எஸ்எஸ்டியின் பெயரே இருப்பதில்லை. ஆகவே விண்டோஸைத் திரும்ப நிறுவுவது இதற்குத் தீர்வாகாது என்றே கருதுகிறேன். முக்கியக் கோப்புகளைப் படியெடுத்துவிட்டேன்.

கோளாறு எஸ்எஸ்டியைத் தாய்ப்பலகையுடன் இணைக்கும் சாட்டா கேபிளிலா, தாய்ப்பலகையின் இணைப்பு முனையிலா, பவர் சப்ளையிலா, எஸ்எஸ்டியிலேயேதானா என்பதை, புதிய பாகம் எதுவும் வாங்குமுன் எந்த வரிசையில் சோதித்துப் பிரித்தறியலாம் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். கேபிளை வேறு முனைக்கு மாற்றினால் பயாஸில் துவக்க வரிசையையும் மாற்றியமைக்க வேண்டி வருமா என்பதையும் தெரிவியுங்கள்.