பினாங்கில் ஒரு வாரம்: போய் வந்துவிட்டோம் (புதுப்பிப்பு)

அம்மாவோடு மலேசியாவின் பினாங்கில் ஒரு வாரம், பழைய இடிபாடு, கடற்கரை, சாப்பாடு மூன்றும் வேண்டும், நாட்களை எப்படிப் பிரிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். "கடாரத்தை (இன்றைய கெடா) விட்டுடாதீங்க" என்று சொன்ன அண்ணன், அக்கா எல்லாருக்கும் நன்றி.

ஜார்ஜ்டவுனில் தங்கி, ஒரு முழு நாளைப் பக்கத்து மாநிலமான கெடாவில், பழைய கோயில் இடிபாடுகள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்கே வைத்தோம். காலையில் பெர்ரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து காரில் மெர்போக். அருங்காட்சியகத்தை ஒட்டிய மேட்டில் புக்கிட் பத்து பஹாட் கோயில். கூரை இல்லை. கல் அடித்தளமும், தூண்களைத் தாங்கிய வட்டக் கற்களும்தான் மிச்சம். பக்கத்தில் ஓடைச் சத்தம். 1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இந்தப் பக்கம்தான் என்று அம்மா கல்லைத் தொட்டபடி சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

கடலுக்குப் பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரை, இரண்டு மாலை போதும்.

சாப்பாட்டுக்குத்தான் நாள் போதவில்லை. லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு, மதியம் நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும்). மீன், கோழி, ஆட்டுக் குழம்பு எல்லாம் சோற்றில் ஒன்றாகக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், தனித்தனியாக வாங்கினால் அந்தச் சுவை வராது. அம்மாவுக்கு அசாம் லக்சா (புளிப்பான மீன் குழம்பில் நூடுல்ஸ்) பிடித்துப்போய் மூன்று முறை சாப்பிட்டார்.

பழங்காலத்தில் இரும்பு உருக்கிய சுங்கை பத்துவுக்கு நேரமில்லை. அப்புறம் அதற்கென்றே ஒருமுறை போகணும்.