பாகுநிலையா, பிசுக்குமையா?

அன்புடையீர்,

பல்தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றின் ஆய்வகக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நுண்குழாயில் இரு கோடுகளுக்கிடையே திரவம் இறங்க எத்தனை நொடி ஆகிறதெனப் பார்த்து, அந்நேரத்தைக் குழாயின் மாறிலியாலும் திரவத்தின் அடர்த்தியாலும் பெருக்கி விஸ்காசிட்டியை, அதாவது திரவம் ஓடத் தயங்கும் அளவை, காணும் சோதனையில் நின்றுவிட்டேன். பாகுநிலை, பாகியல், பிசுக்குமை என மூன்று சொற்களையும் வெவ்வேறு நூல்களில் கண்டேன். எதை எழுதுவது?
— க.

ஐயா,

பிசுக்குமையே பொருத்தம். இலத்தீனில் விஸ்கம் என்பது புல்லுருவி. அதன் பழத்திலிருந்து எடுத்த பசையைக் கிளையில் தடவிப் பறவை பிடித்தார்கள். நம் பிசின், பிசுக்கு, பிசுபிசுப்பு ஆகியனவும் அந்த ஒட்டும் தன்மையையே சுட்டுகின்றன. பாகு என்பதோ சமைத்தலைக் குறிக்கும் வடமொழிப் பாகத்தின் வழிவந்ததென ஐயுறுகிறேன். பாகியல் என்றால் ஏதோ ஒரு துறையின் பெயர்போல் ஒலிக்கிறது.
— தி.

திரு தி. அவர்கள் புல்லுருவியை விட்டிறங்கி ஆய்வகத்துக்கு வர வேண்டும். பாதரசம் கண்ணாடியிலும் ஒட்டாது, விரலிலும் ஒட்டாது. ஆயினும் 20 டிகிரி செல்சியஸில் அதன் விஸ்காசிட்டி தண்ணீருடையதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஒட்டுவது வேறு, ஓடத் தயங்குவது வேறு. ஔவையே பாலோடும் தேனோடும் பாகையும் பிள்ளையாருக்குப் படைத்துவிட்ட பிறகு, அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பானேன்? பாகுநிலை என்றால் வகுப்பில் கடைசி இருக்கைக்கும் விளங்கும்.
— வே.

அம்மா, கம்பிப் பதத்தை விரல்களுக்கிடையே பாகை ஒட்டவைத்துத்தானே பார்க்கிறோம்? ஒட்டாத பாகை நான் கண்டதில்லை.
— தி.

இரு தரப்பாருக்கும் ஒரு கேள்வி. காற்றுக்கும் இப்பண்பு உண்டு. வளிமத்தில் இது அடர்த்தியைச் சாராது என்ற வியப்பான முடிவை இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1860இல் கணக்கிட்டுச் சொன்னார்; பின்னர், நிலையான தட்டுகளுக்கிடையே வட்டத் தகடுகளை ஊசலாடவிட்டு, அவ்வாட்டம் தணியும் விதத்தை அளந்து 1866இல் அதை வெளியிட்டார். அந்தக் காற்றில் பாகு எங்கே, பிசுக்கு எங்கே? வேறுபட்ட வேகத்தில் நகரும் படலங்கள் ஒன்றையொன்று பின்னிழுப்பதே இங்கு நிகழ்வது என்பதால், உள்ளுராய்வு என்பதே நேரான சொல்.
— ந.

சொல் நன்று, ஆனால் திண்மங்களின் அதிர்வு தணிவதைப் பேசும்போதும் உள்ளுராய்வு தேவைப்படுமே. தவிரவும், எல்லாப் பொருளுக்கும் எழுத்துக்கெழுத்துப் பொருந்தும் சொல்லைத் தேடினால், புல்லுருவிப் பசையில் பிறந்த ஆங்கிலச் சொல்லும் காற்றுக்குப் பொருந்தாது.
— வே.

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பாகுநிலைக்கே ஆதரவு மிகுதி. அதையே எழுதி, கருவிக்குப் பாகுமானி என்று பெயரிட்டுவிட்டேன். காற்றைப் பற்றிய வினாவுக்கு என்னிடம் விடையில்லை. நல்லவேளையாக, கையேட்டில் காற்று வரவில்லை.
— க.

பாகுநிலை என் உடன்பாடின்றி நிற்கட்டும். மானியும் மானம் என்ற வடசொல்லின் வழித்தோன்றல்தான். பாகளவி என்று மாற்ற ஞாயிறு இரவு வரை நேரமிருக்கிறதல்லவா?
— தி.