அப்பாவுக்கும் எனக்கும் இரண்டு ஆர்கேட் ஸ்டிக்: எந்த லீவர், எந்த போர்டு?

மெரிபேங்க்_மணி எழுதியது:

வணக்கம். டர்பனில் இருந்து எழுதுகிறேன், கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டு டிவியில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றை மாட்டிப் பழைய ஆர்கேட் கேம்கள் போட்டு வைத்திருக்கிறேன். அப்பா அந்தக் காலத்தில் தெருமுனை டீ ரூமில் இருபது சென்ட் காசுகளை மெஷின் மேல் அடுக்கி வைத்துக்கொண்டு ஆடியவர், அவருக்கு இந்த கேம்பேடு கையில் பழகவே மாட்டேன் என்கிறது. கட்டைவிரலால் பேக்-மேன் ஆடுவதெல்லாம் ஆட்டமா என்று கேட்கிறார். டிசம்பர் லீவுக்கு ஜோபர்க்கில் இருந்து பெரியப்பா பிள்ளைகள் வேறு வருவார்கள், அதற்குள் இரண்டு ஸ்டிக் செய்து முடிக்கப் பார்க்கிறேன்.

ரெடிமேடு ஸ்டிக் விலையைப் பார்த்தேன், இரண்டு வாங்கினால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. அதனால் பெட்டியை நானே செய்து உள்ளே பாகங்களை மட்டும் வாங்கலாம் என்று யோசனை. ஆடுவது பேக்-மேன், பபுள் பாபுள், 1942, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, மெட்டல் ஸ்லக். சான்வா, செய்மிட்சு, ஹாப், கொரிய லீவர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சதுர கேட்டா எட்டுமூலை கேட்டா என்பதும் புரியவில்லை. லீவரையும் பொத்தான்களையும் யூஎஸ்பியில் இணைக்க 'ஜீரோ டிலே' என்று ஒரு போர்டு மலிவாகக் கிடைக்கிறதே, அது போதுமா? மேலே ஒட்டுவதற்குத் தாத்தா கடை வாசலின் பழைய ஃபோட்டோ ஒன்று வைத்திருக்கிறேன், அதை எப்படிப் போடுவது என்றும் சொல்லுங்கள்.

---

ஃபீனிக்ஸ்_பழசு எழுதியது:

தம்பி, பிராண்டை ஒரு பக்கம் வை, நீ எழுதின கேம் பட்டியலை இன்னொரு தரம் பார். அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பேக்-மேன் 1980இல் வந்தபோது அதன் மெஷினில் இருந்தது நாலு திசை லீவர். மேல், கீழ், இடம், வலம், அவ்வளவுதான், மூலை என்று ஒன்று கிடையாது. எட்டுத் திசை லீவரில் அதை ஆடினால் திருப்பத்தில் கை லேசாகச் சாய்ந்ததும் இரண்டு திசை சேர்ந்து விழும், மஞ்சள் பயல் சந்தில் திரும்பாமல் நேரே போய்ப் பேயிடம் மாட்டுவான். உன் அப்பா கேம்பேடைத் திட்டுகிறார் சரி, தப்பான லீவரைக் கொடுத்தால் அதையும் திட்டுவார். பபுள் பாபுளுக்கு இடம் வலம் இரண்டும் போதும், மீதி பொத்தான் வேலை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்குத்தான் எட்டுத் திசையும் ஆறு பொத்தானும் வேண்டும். மெட்டல் ஸ்லக் நியோ ஜியோ மெஷின் கேம், மூணு பொத்தான் போதும்.

எல்லாவற்றுக்கும் ஒரே லீவர் என்றால் சான்வா ஜேஎல்எஃப் வாங்கு. அது உலகத்திலேயே சிறந்தது என்பதற்காகச் சொல்லவில்லை, எனக்கு அதன் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்வு. ஆனால் அதற்கு எல்லா உதிரிபாகமும் கிடைக்கும். ஸ்பிரிங் மாற்றலாம், உள்ளே சுவிட்சைத் தட்டுகிற ஆக்சுவேட்டரைப் பெரிதாகப் போட்டு லீவர் சீக்கிரம் பதில் சொல்லும்படி செய்யலாம், உருண்டைத் தலையைக் கழற்றி விட்டு அப்பாவுக்குப் பழகிய பேட் வடிவத் தலை மாட்டலாம். கேட் என்பது தண்டு எவ்வளவு தூரம் சாயலாம் என்று தடுக்கிற அடித்தகடு, அதை 45 டிகிரி திருப்பி மாட்டினால் மூலைகள் அடைபட்டு நாலு திசை லீவர் ஆகிவிடும்.

சதுரமா எட்டுமூலையா என்ற சண்டை பல வருஷமாக ஓடுகிறது. நான் சதுரக் கட்சி. சதுரத்தில் லீவரை மூலைக்குத் தள்ளினால் அங்கே ஒரு முட்டு இருக்கும், கண்ணால் பார்க்காமலேயே 'இதுதான் சாய்வு' என்று கை கண்டுபிடித்துவிடும். குனிந்து தற்காத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க அந்த மூலை பெரிய வசதி. எட்டுமூலை கேட்டில் எல்லாத் திசைக்கும் தூரம் ஒன்றே, ஒவ்வொரு திசையிலும் சின்னப் பள்ளம் மாதிரி தட்டுப்படும், ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஸாங்கிஃப் வைத்து முழு வட்டம் சுற்றுகிறவர்களுக்குப் பிடிக்கும். புதிதாகச் சதுரத்துக்கு வருகிறவர்கள் லீவரைச் சுவரில் உரசிக்கொண்டே சுற்றுவார்கள், அதனால்தான் பிடிக்கவில்லை என்கிறார்கள். சுவர் வரை போகவே வேண்டாம், அதற்கு முன்பே சுவிட்ச் விழுந்துவிடும்.

1942 மாதிரி விமான கேம்தான் அதிகம் ஆடுவாய் என்றால் செய்மிட்சு எல்எஸ்-32 பார். விறைப்பாக இருக்கும், தண்டு தளர்ந்து ஆடுவது குறைவு, குண்டுகளுக்கு நடுவே ஒரு முடி அளவு நகர அது நல்லது. கொரிய லீவரில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர், டெக்கன் சண்டை கேம் ஆடுகிறவர்கள் அதை விட்டு இறங்க மாட்டார்கள். உனக்கு வேண்டாம். ஹாப் கனமானது, தடித்த பலகைக்கு ஏற்றது, அடித்து ஆடினாலும் தாங்கும். ஆனால் அதன் பொத்தான்கள் நீளம், பெட்டி ஆழமாக வேண்டும், மடியில் வைத்து ஆட முடியாது.

---

லெனேசியா_அக்கா எழுதியது:

லீவரைப் பற்றி அண்ணா சொல்லிவிட்டார். நான் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் ஆள், போர்டு பற்றி மட்டும் சொல்கிறேன்.

'ஜீரோ டிலே' என்பது பெட்டியில் அச்சடித்த பெயர், அளந்து வைத்த பெயர் இல்லை. வேலை செய்யும், பேக்-மேனுக்கு யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே காசுக்கு, சில சமயம் அதைவிடக் குறைவாக, ராஸ்பெரி பை பைக்கோ என்ற குட்டி போர்டு கிடைக்கும்போது அதை ஏன் வாங்க வேண்டும்? பைக்கோவில் ஜிபி2040-சிஇ என்ற இலவச ஃபர்ம்வேர் (போர்டை இயக்கும் மென்பொருள்) ஏற்றினால் தாமதம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே. போர்டில் இருக்கும் பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டே கணினியில் செருகினால் அது ஒரு பென் டிரைவ் மாதிரி திறக்கும், அந்த ஃபர்ம்வேரின் யூஎஃப்2 கோப்பை அதற்குள் இழுத்துப் போட்டால் முடிந்தது. அப்புறம் ஸ்டார்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு செருகி பிரவுசரில் 192.168.7.1 என்று அடித்தால் அமைப்புப் பக்கம் வரும், எந்தப் பின்னுக்கு (போர்டின் ஓரத்து இணைப்புப் புள்ளி) எந்தப் பொத்தான் என்று அங்கேயே மாற்றலாம். நாலு திசை மோடும் அதில் உண்டு. அதனால் ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறந்து கேட்டைத் திருப்பத் தேவையில்லை தம்பி. கையில் முட்டு தெரியாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

வயரிங்குக்குப் பயப்படாதே. ஒவ்வொரு பொத்தானிலும் இரண்டு கால், ஒன்று பைக்கோவின் பின்னுக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு. கிரவுண்டை ஒரே வயராகப் பொத்தானுக்குப் பொத்தான் தொடுத்துக்கொண்டே போகலாம். ஜேஎல்எஃப்பில் ஐந்து வயர் வரும், ஒன்று கிரவுண்டு, நாலு திசை. வயரின் நிறத்தை நம்பாதே, செட்டுக்குச் செட்டு மாறும், மல்டிமீட்டர் வைத்துப் பார். லீவரை மேலே தள்ளினால் கீழ்ப்பக்கச் சுவிட்ச்தான் விழும், நடுவில் ஊன்றி ஆடுவதால் அப்படி. அதைப் பார்த்து 'தலைகீழாக மாட்டிவிட்டேனோ' என்று பிரித்துப் போடாதே.

பொத்தான் காலில் நேரடியாக சால்டர் வைக்க வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் இளகும், பின்னால் மாற்றவும் கஷ்டம். சொருகு கனெக்டர் வாங்கு, சான்வாவுக்கு 2.8 மில்லிமீட்டர், ஹாப் வகைக்கு 4.8. கடல் பக்கத்தில் இருக்கிறாய், டர்பன் உப்புக் காற்று எதையும் விட்டு வைக்காது, கனெக்டரை நன்றாக இறுக்கி அழுத்து, திருகு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. ஒரு ஃப்ரேம், அதாவது திரையில் வரும் ஒரு படம், கிட்டத்தட்ட 16.7 மில்லிசெகண்டு. டிவியில் கேம் மோடு போடாமல் இருந்தால் படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவியே பல ஃப்ரேம் தின்றுவிடும். முதலில் அதைப் போடு. ரெட்ரோஆர்க் என்ற மென்பொருளில் ஆடுகிறாய் என்றால் தாமதத்தைக் குறைக்க ரன்-அஹெட் என்று ஒரு வசதி இருக்கிறது, ராஸ்பெரி பைக்குச் சக்தி இருந்தால் அதையும் ஒரு ஃப்ரேம் வைத்துப் பார். இதெல்லாம் செய்த பிறகு அப்பா "அந்த மெஷின் மாதிரியே இருக்கு" என்றால் எந்தப் பாகத்தால் என்று கண்டுபிடிக்க முடியாது, பரவாயில்லை. அப்புறம் கரண்ட் போகும்போது ராஸ்பெரி பை ஓடிக்கொண்டிருந்தால் எஸ்டி கார்டு கெடலாம், கேம் எல்லாவற்றுக்கும் ஒரு காப்பி வைத்துக்கொள்.

---

கோல்டன்சைனா_பையன் எழுதியது:

எல்லாரும் அசல் சான்வா வாங்கு என்கிறீர்கள். வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் கூரியர் காசு, அதன் மேல் 15 சதவீத வாட், இரண்டு செட் என்றால் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? நாமெல்லாம் கோல்டன் சைனா டிவி கேமில் வளர்ந்தவர்கள், அந்த கன்ட்ரோலரில் ஆடி முடிக்காத கேமா? மலிவு கிட் ஒன்று வாங்கு, லீவர், பொத்தான், போர்டு, வயர் எல்லாம் சேர்ந்து வரும். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு மாட்டி ஒரு வாரம் ஆடு, பொத்தான் இடைவெளி கைக்குச் சரியா என்று தெரியும். நகல் லீவர்களில் முக்கால்வாசி ஜேஎல்எஃப் துளைக்கே பொருந்தும், காசு வரும்போது அதைக் கழற்றிவிட்டு அசலை மாட்டிக்கொள்.

---

ஃபீனிக்ஸ்_பழசு எழுதியது:

அட்டைப் பெட்டி யோசனை நல்ல யோசனை, அதை மறுக்கவில்லை. கிட்டில் வருகிற லீவரும் பரவாயில்லை. பொத்தான்தான் எனக்கு ஒத்து வராது, சில சமயம் ஓரத்தில் அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், மெட்டல் ஸ்லக்கில் ஒரு குண்டு வராமல் போனால் பையன்கள் பெட்டியையே குத்துவார்கள். காசு குறைவென்றால் லீவர் நகல், பொத்தான் அசல் என்று வாங்கு. சான்வா பொத்தான் ரொம்ப மெல்லியது, விரலை மேலே வைத்தாலே விழுந்துவிடும் என்று சிலர் செய்மிட்சுவுக்குப் போகிறார்கள், அது கொஞ்சம் அழுத்தம் கேட்கும். அப்பாவுக்கு செய்மிட்சு பிடிக்கும் என்று நினைக்கிறேன். ராத்திரி ஆடுவீர்கள் என்றால் சத்தமில்லாத வகை இரண்டு கம்பெனியிலும் இருக்கிறது, விலை கூடுதல், ஆனால் வீட்டில் தூங்குகிறவர்களின் பேச்சைக் கேட்பதைவிட மலிவு.

---

மெரிபேங்க்_மணி எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. பைக்கோ இரண்டு இங்கேயே வாங்கிவிடுகிறேன். ஒரு அசல் ஜேஎல்எஃப் அப்பாவுக்கு, இன்னொன்றுக்கு கிட் லீவர், பொத்தான் இரண்டுக்கும் அசல். சதுர கேட்டே இருக்கட்டும். பெட்டிக்கு என்ன மரம்? கையில் சூப்பாவுட் (மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப்) பலகை ஒன்று கிடக்கிறது, 16 மில்லிமீட்டர். ஃபோட்டோ விஷயமும் மிச்சம் இருக்கிறது.

---

டொங்காட்_தச்சன் எழுதியது:

பெட்டி வேலை நம்ம ஏரியா, அதனால் வந்தேன்.

சூப்பாவுட் வெட்டச் சுலபம், பெயின்ட் அழகாக நிற்கும். ஆனால் வெட்டின ஓரத்தைச் சீல் பண்ணாமல் விட்டால் நம்ம ஊர் ஈரத்தில் பொங்கிவிடும். ஓரம் முழுக்க சீலர் இரண்டு கோட் கொடுத்து அப்புறம் பெயின்ட் அடி. மெரான்டி மரம் கிடைத்தால் பக்கப் பலகைக்கு அது போடு, கனமும் கொடுக்கும். ஸ்டிக் கனமாக இருப்பதுதான் நல்லது, லேசான பெட்டி ஆட்டத்தில் மேசை முழுக்க ஓடும். அடியில் ரப்பர் கால் கண்டிப்பாக வை.

இப்போது முக்கியமான இடம். 16 மில்லிமீட்டர் பலகையில் ஸ்னாப்-இன் (அழுத்தினால் மாட்டிக்கொள்ளும்) பொத்தான் நிற்காது, அதன் காது மெல்லிய தகட்டைப் பிடிக்கத்தான் செய்தது. லீவரையும் அவ்வளவு தடிப்புக்கு அடியில் மாட்டினால் தண்டு குட்டையாக வெளியே தெரியும். இரண்டு வழி. மேல் பலகையை அடிப்பக்கம் ரௌட்டரால் குடைந்து மெலிதாக்கலாம், பொத்தானுக்குத் திருகு வகை வாங்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பலகையில் பெரிய சன்னல் வெட்டிவிட்டு அதன் மேல் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போடலாம், நான் செய்தால் இதுதான், லீவரும் பொத்தானும் தகட்டிலேயே தொங்கும். பொத்தானுக்கு 30 மில்லிமீட்டர் துளை, ஸ்டார்ட்டுக்கும் காயினுக்கும் 24, லீவர் தண்டுக்கும் 24 போதும், மேலே டஸ்ட் வாஷர் மூடிக்கொள்ளும். துளையிடும்போது கீழே கழிவுப் பலகை வைத்துப் பிடி, இல்லாவிட்டால் மறுபக்கம் பிய்ந்து வரும். ஸ்டார்ட் பொத்தானை ஆடுகிற கை படாத இடத்தில், பெட்டியின் பின் விளிம்பில் வை.

ஃபோட்டோவை ஸ்கேன் பண்ணி ஏதாவது பிரின்ட் கடையில் லேசர் பிரின்டாக எடு. இங்க்ஜெட் வேண்டாம், கை வியர்வை உள்ளே இறங்கினால் சாயம் கலைந்துவிடும். அதற்கு மேல் 2 மில்லிமீட்டர் தெளிவான அக்ரிலிக். தகடும் அக்ரிலிக்கும் சேர்ந்து 5 ஆகிவிடும், அதற்குள் ஸ்னாப்-இன் பிடிக்கிறதா என்று ஒரு துண்டில் சோதித்துப் பார், பிடிக்காவிட்டால் தகட்டை 2க்குக் குறை, அல்லது திருகு வகைக்குப் போ. காகிதத்தில் துளைகளை முன்கூட்டி வெட்டாதே. எல்லாவற்றையும் அடுக்கி இறுக்கிய பிறகு அடியிலிருந்து கூர்மையான கத்தியால் துளையின் விளிம்போடு சுற்றி அறுத்தால் பிசிறில்லாமல் வரும். அப்புறம் பொத்தான் ஆறும் ஃபோட்டோவில் யார் முகத்தின் மேல் விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள். தாத்தா மூக்கில் ஹை-பஞ்ச் வந்தால் அப்பா அந்த ஸ்டிக்கைத் தொட மாட்டார்.

---

லெனேசியா_அக்கா எழுதியது:

இரண்டு ஸ்டிக் என்பதால் ஒன்று: ராஸ்பெரி பையில் எந்த யூஎஸ்பி போர்ட்டில் எதைச் செருகினாய் என்று டேப் ஒட்டிக் குறித்து வை. மாறிப் போனால் முதல் ஆட்டக்காரனும் இரண்டாவது ஆட்டக்காரனும் இடம் மாறிவிடுவார்கள், அப்புறம் அந்தப் பிள்ளைகளுக்குள் யார் ரியூ என்று பஞ்சாயத்து. கிட் லீவர் வந்ததும் அதன் சுவிட்ச் நாலையும் மல்டிமீட்டரில் சோதித்துவிட்டு எனக்கு இங்கேயே எழுது, பின் எண்களைச் சேர்ந்தே போட்டுவிடலாம்.